வீரம் என்ற சொல் யாருடையது?

அஞ்சாமையைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உண்டு: மறம், தறுகண், வீரம், ஆண்மை, துணிவு. அகராதியில் இவை ஒன்றுக்கொன்று பொருளாக நிற்கும். வரலாற்றில் அப்படி நிற்பதில்லை.

பழைய மறம் ஆநிரையோடும் போரோடும் கட்டப்பட்டது. மாடு கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை. அதில் விழுந்தவனுக்கு நடுகல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லில், வீரனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயர்கூடப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சமூகத்துக்குச் சோறு போட்டு, சேற்றிலேயே செத்தவர்களுக்குக் கல் இல்லை. 'வீரம்' வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேரான 'வீர' என்பதற்கு ஆண்மகன் என்றே பொருள். 'ஆண்மை' பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, பெண்களும் வெளியே.

பின்னாளில் வீரம் சாதிச் சான்றிதழாகவே ஆனது. 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களில் மகர் சிப்பாய்கள் இருந்தார்கள். அங்குள்ள தூணில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. அதே பிரிட்டிஷ் ராணுவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குடிகள்' என்று சில சாதிகளைப் பிரித்தெடுத்து, மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. களத்தில் காட்டிய வீரம் பிறப்பின் முன்னால் செல்லாக்காசானது.

1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்குச் சென்றார். அதே ஆண்டு மார்ச் 20 அன்று மகத்தில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். கையில் ஆயுதம் இல்லை. குடித்தவர்கள் அன்றே தாக்கப்பட்டார்கள். என்னைப் பொறுத்தவரை, தூணைவிடக் குளமே நமக்குப் பெரிய பாடம்.

நம் மண்ணில் மேலவளவு. 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலில் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த முறை வாக்குச்சாவடி தாக்கப்பட்டது. அதற்குப் பிறகும் முருகேசன் நின்றார், வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவரோடு சேர்த்து ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2019இல் அவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள்.

அரிவாள் தூக்கிய கூட்டத்தை 'வீரப் பரம்பரை' என்று போஸ்டர் ஒட்டும் நாடு இது. நிராயுதபாணியாகப் பஸ்ஸில் வந்தவர்களைக் கும்பலாக வெட்டுவதற்கு எந்த வீரமும் வேண்டாம். செத்துப்போவோம் என்று தெரிந்தே வேட்புமனுவில் கையெழுத்துப் போட வேண்டும். கொன்றவர்கள் வாழும் ஊரிலேயே இருந்துகொண்டு கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். இதற்குத்தான் துணிவு வேண்டும்.

தோழர்களே, நம் இளைஞர்களின் பேனர்களிலும் இப்போது வாளும் சிங்கமும் வருகின்றன. 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்ற குரலும் கேட்கிறது. அவமானப்பட்டவர்களின் ஏக்கம் அது, புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் நாமும் இடம் கேட்டால், பட்டியல் போட்டவர்களின் அளவுகோலை ஒப்புக்கொண்டதாகிவிடும். நமக்கு மனுவும், குளமும், சாட்சிக்கூண்டும் இருக்கின்றன. அங்கே நின்றவர்களின் பெயர்களை, பெண்களின் பெயர்களையும் சேர்த்து, ஊர் ஊராக எழுதி வைப்போம். நாம் நட வேண்டிய கல் அதுதான்.