பேறுகால மனநல ஆதரவு (சேலம், நாமக்கல்)

கர்ப்பிணிகளும் புதுத் தாய்மார்களும் மனச்சோர்வு, பதற்றத்திலிருந்து மீள அளிக்கப்படும் ஆலோசனை, சிகிச்சை, குடும்பத் துணை. பிரசவத்துக்குப் பின் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். நீடித்தால் சிகிச்சை அவசியம். பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல், கடந்த 7 நாள் மனநிலையை 10 கேள்விகளால் அறிகிறது. தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது கடைசிக் கேள்வி.

சேவைகள்: கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முதலில் பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநலத் தொலைபேசி உதவி (14416) இலவசமாக, 24 மணி நேரமும் இயங்குகிறது.

உரிமை: மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.