மணமுறிவும் பொதுத் தேட்டமும்: ஜீவனாம்சத்தால் ஈடாகாத பங்குரிமை

இந்துத் திருமணச் சட்டம், 1955 மணத்தை முறிக்க வழி சொல்கிறது. மணவாழ்வில் சேர்ந்த சொத்தைப் பிரிக்க வழி சொல்லவில்லை. சொத்தைத் தொடும் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் கூட்டாக உரிமையான பொருள்களோடு நின்றுவிடுகிறது. பிறகு வாங்கிய வீடும் மனையும் யார் பெயரில் பத்திரமோ அவருக்கே. இந்தக் குறையை ஜீவனாம்சம் ஈடுசெய்யும் என்ற பரவலான நம்பிக்கை பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிரந்தர ஜீவனாம்சம் பற்றிய 25ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் இரு தரப்பின் வருமானம், சொத்து, நடத்தை ஆகியவற்றைப் பார்த்துத் தொகையை முடிவுசெய்கிறது. சூழ்நிலை மாறினால் அந்த ஆணையையும் மாற்றலாம். பெற்றவர் மறுமணம் செய்தாலோ, மனைவி கற்பு நெறி தவறினார் என்று மெய்ப்பிக்கப்பட்டாலோ ரத்தும் செய்யலாம். உழைத்துச் சேர்த்ததற்கான கைம்மாறு இப்படி ஒழுக்கத் தேர்வுக்கு உட்படுவதில்லை. ஆக, ஜீவனாம்சம் அளப்பது பெறுபவரின் தேவையையும் தகுதியையும். அவரது பங்களிப்பை அன்று.

நடைமுறையில் இதன் விளைவு கடுமையானது. கணவர் சம்பளத்தில் வீட்டுக் கடன் தவணை போகிறது. மனைவி சம்பளத்தில் மளிகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு போகின்றன. மணம் முறியும்போது தவணை வீடாக நிற்கிறது. மற்றவை செலவாகவே கரைந்துவிடுகின்றன. சம்பளமே இல்லாத மனைவிக்குக் காட்டுவதற்கு ரசீதும் இல்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 அவருக்குப் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது, உடைமையைத் தருவதில்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பு இங்கே குறிப்பிடத்தக்கது. கணவர் சவூதி அரேபியாவில் சம்பாதித்தார்; மனைவி ஊரில் பிள்ளைகளையும் குடும்பத்தையும் கவனித்தார். அந்த வீட்டு உழைப்பும் சொத்துச் சேர மறைமுகமாகப் பங்களித்தது என ஏற்று, மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி. ஆயினும் அது உரிமையியல் வழக்கு, மணமுறிவு வழக்கன்று. தனி நீதிபதியின் தீர்ப்பு ஒன்றை நம்பி ஒவ்வொரு மனைவியும் வழக்காட வேண்டும் என்பது நியாயமான ஏற்பாடாகாது.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கோவாவில் இன்றும் வழங்கும் போர்ச்சுகீசிய உரிமையியல் சட்டம், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது தம்பதியின் சொத்தைப் பொதுவாக்கி ஆளுக்குப் பாதி தருகிறது. அசையாச் சொத்தை மனைவியின் ஒப்புதலின்றிக் கணவர் விற்க முடியாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் மணவாழ்வில் ஈட்டியதைத் 'தேடிய தேட்டம்' என்பர். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதை இருவருக்கும் சமமாக்கியது. ஆனால் அதே சட்டத்தில், மனைவி தன் தனி அசையாச் சொத்தை விற்கவும் கணவரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். 1947இன் திருத்தம் தேட்டத்தின் பொதுத்தன்மையையும் சுருக்கியது. பாதி உரிமை மட்டும் போதாது. ஆளுகையிலும் சமத்துவம் வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இந்தியாவில் 2010ஆம் ஆண்டின் திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்கு என்ற அதன் ஒருவழி அமைப்பு, ஆண்களுக்கு எதிரானது என்ற கண்டனத்துக்கு இடமளித்தது. அந்தக் கண்டனத்தில் ஒரு நியாயம் உண்டு: கூட்டுழைப்பே அடிப்படையென்றால், மனைவி ஈட்டியதும் அதே கணக்கில் சேர வேண்டும், கடனும் சேர வேண்டும். மரபுரிமைச் சொத்தும் சீதனமும் வெளியே நிற்கலாம். சொத்தை உறவினர் பெயரில் ஒளிப்பார்கள் என்ற ஐயமும் பொருட்படுத்தத் தக்கதே. அதற்குத் தொடக்கக் கருவி கையில் உள்ளது: ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என 2020இல் உச்ச நீதிமன்றம் விதித்துள்ளது. அதையே பங்கீட்டுக்கும் விரிக்கலாம்.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984 தம்பதியரின் சொத்துத் தகராறை விசாரிக்கும் அதிகாரத்தை ஏற்கெனவே தந்திருக்கிறது. மன்றம் இருக்கிறது, கருவி இருக்கிறது. எந்த விதிப்படி பங்கிடுவது என்பது மட்டுமே இல்லை. அந்த விதியை நாடாளுமன்றம்தான் இயற்ற வேண்டும். அதுவரை ஜீவனாம்சத் தொகையை எவ்வளவு உயர்த்தினாலும், சொத்தின் உடைமையாளர் ஒருவராகவும் அவரிடம் உதவி கேட்பவர் மற்றவராகவுமே இருப்பர்.