ரஸ்கினின் மூன்று வீடுகளும் வாடகை வாங்க வந்த பெண்ணும்

வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவர் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும். தானே பார்த்துக்கொள்வதா, ஆள் வைத்துப் பார்ப்பதா? வாடகை வசூல், ரிப்பேர், வரி, பாக்கி வைப்பவரைக் காலி செய்யச் சொல்வது என்று வேலைகள் நிறைய. ஆள் வைத்தால் செலவு, வைக்காவிட்டால் அலைச்சல். 1865-ல் லண்டனில் ஒருவர் இந்தக் கேள்விக்கு எடுத்த முடிவு, பின்னாளில் ஒரு தனித் தொழில் உருவாகவே காரணமாக இருந்தது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

அந்த ஒருவர் ஜான் ரஸ்கின். கலை விமர்சகர், எழுத்தாளர். காந்தியடிகளைக் கவர்ந்த 'கடையனுக்கும் கடைத்தேற்றம்' என்ற நூலை எழுதியவர் என்றால் நம்மவர்களுக்கு உடனே தெரியும். அவருடைய தந்தை மது வணிகத்தில் பெரும் பொருள் சேர்த்தவர். 1864-ல் தந்தை இறந்ததும் அந்தச் சொத்தில் பெரும்பகுதி மகன் கைக்கு வந்தது. படம், சிற்பம், கட்டடம் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்தான். ஆனால் வாரம் தவறாமல் ஒரு சந்துக்குள் போய்க் கதவைத் தட்டி வாடகை கேட்கும் ஆள் அவர் இல்லை. அது அவருக்கே தெரியும்.

அவரிடம் ஓவியங்களைப் பிரதி எடுக்கும் வேலை செய்து வந்தவர் ஆக்டேவியா ஹில். 1838-ல் பிறந்தவர். தந்தை தானிய வியாபாரி, வங்கித் தொழிலும் செய்தவர். 1840-ல் திவாலாகிவிட்டார். அதனால் ஆக்டேவியாவுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை, தாய் சொல்லிக் கொடுத்ததுதான். 14 வயதிலேயே ஏழைப் பெண் குழந்தைகள் பொம்மை செய்யும் ஒரு பட்டறையை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. அந்தக் குழந்தைகளின் வீடுகளுக்குப் போய் வந்தபோதுதான் லண்டன் ஏழைகள் எப்படிப்பட்ட அறைகளில் குடியிருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தார். ஒரு வீட்டை வாங்கி ஒழுங்காக நடத்திக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதே உண்டு. ஆனால் கையில் பணம் ஏது?

பணம் ரஸ்கினிடம் இருந்தது. மேரில்போன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்ற சந்தில் 3 வீடுகளின் குத்தகை, இன்னும் 56 ஆண்டு மீதமிருந்த நிலையில், 750 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. பாரடைஸ் என்றால் சொர்க்கம். பெயர் வைத்தவர் யாரோ! நிர்வாகம் முழுவதும் ஆக்டேவியா கையில். ரஸ்கின் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வர வேண்டும். அதாவது 750 பவுண்டுக்கு 37 பவுண்டு 10 ஷில்லிங்.

கோடீஸ்வரருக்கு இந்த 37 பவுண்டு எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் அவருடைய புத்திசாலித்தனம் இருக்கிறது. தருமமாகச் செய்தால் அவரோடு நின்றுவிடும். லாபம் வருகிறது என்று காட்டினால் மற்ற பணக்காரர்களும் இதே வழியில் முதல் போட வருவார்கள். வணிகவியல் தெரியாதவர் என்று ரஸ்கினைக் கேலி செய்தவர்கள் அந்தக் காலத்தில் பலர் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர் கணக்கு சரியாகவே இருந்தது.

வீடுகளைப் பழைய உரிமையாளரிடமிருந்து ஏற்றுக்கொண்ட நாளைப் பற்றி ஆக்டேவியாவே எழுதியிருக்கிறார். அவர் ஒரு சிறு வியாபாரி. கொடுமைக்காரர் இல்லை. ஆனால் ரிப்பேருக்குப் போடக் கையில் காசு இல்லை. ஆளும் வைக்காமல் தானே வசூலித்து வந்தார். கடைசி வசூல் நாளன்று ஒருவரைக் கூடவே அழைத்து வந்து, ஜப்தி செய்ய வந்த ஆள் போலக் காட்டப் பார்த்தாராம்! குடியிருந்தவர்கள் அசையவே இல்லை. இந்த மிரட்டலையெல்லாம் அவர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்? பெரும்பாலோர் ஆறு, ஏழு, எட்டு வார வாடகை பாக்கி வைத்திருந்தார்கள். ஒழுங்காகக் கொடுப்பவர்கள் தலையில்தான் கொடுக்காதவர்களின் சுமையும் விழுந்தது. வாராக்கடனை ஈடுகட்ட எல்லோருக்குமே வாடகையை ஏற்றி வைப்பதுதான் அன்றைய வழக்கம்.

வீடுகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம். சுவர்ப் பூச்சு உதிர்ந்து கிடந்தது. கூரை ஒழுகியதால் மாடிப்படியில் வாளி வைத்திருந்தார்கள். படிக்கட்டின் கைப்பிடிக் கட்டைகளைக் குளிருக்கு அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்கள். துணி துவைக்கும் அறையில் உரிமையாளரின் தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்து கிடந்ததால் அதுவும் பூட்டு. எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒழுகும் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான்.

ஆக்டேவியா செய்த முதல் வேலை வடிகாலையும் தண்ணீரையும் சரி செய்தது. பிறகு வாரந்தோறும் தானே போய் வாடகை வாங்கினார். இரண்டாவது வாரப் பாக்கி என்பதையே அவர் அனுமதிக்கவில்லை. கொடுக்கவே மறுத்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இதில் அவர் இரக்கம் காட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் அதே கண்டிப்பைத் தனக்கும் வைத்துக்கொண்டார். ரிப்பேருக்கென்று ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கினார். அதில் மிச்சமானால் எந்த வசதி வேண்டும் என்பதைக் குடியிருப்பவர்களே முடிவு செய்யலாம். ஜன்னல் கண்ணாடியை உடைத்தால் நமக்குத்தான் நஷ்டம் என்று அவர்களுக்குத் தானாகவே புரிந்தது. வேலையில்லாத நாட்களில் அங்கே குடியிருந்த ஆண்களுக்கே ரிப்பேர் வேலை கொடுத்தார். பெரிய பெண் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து மாடிப்படிகளையும் நடைபாதையையும் கழுவச் சொன்னார்.

முடிவு? ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் 5 சதவீத வட்டி போக, முதலிலேயே 48 பவுண்டு திரும்பி வந்துவிட்டது. வரி, நில வாடகை, காப்பீடு எல்லாம் கட்டிய பிறகு! அதோடு, ஓர் அறைக்குக் கொடுத்து வந்த வாடகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் இரண்டு அறைகள் கிடைத்தன. பாக்கி நின்றுபோனதால் வந்த பணம்தான் இது. ஆள் வைப்பது செலவு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஆள் இல்லாமல் நடத்திய வியாபாரி இழந்த தொகை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் செலவு என்ற தலைப்பில் வந்திருக்காது.

1866-ல் ரஸ்கின் அருகே ஃப்ரெஷ்வாட்டர் பிளேஸில் மேலும் வீடுகள் வாங்கினார். அவர் எதிர்பார்த்தபடியே மற்றவர்களும் முதல் போட வந்தார்கள். 1874-ல் ஆக்டேவியாவின் பொறுப்பில் 15 குடியிருப்புகள், சுமார் 3,000 பேர். ஒருவரால் முடியாது என்பதால் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். 1884-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்து ஆணையமே சவுத்வார்க் பகுதியிலுள்ள தன் வீடுகளை அவரிடம் ஒப்படைத்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1896-ல் அவர் பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

இவ்வளவு நடந்தும் உரிமையாளருக்கும் நிர்வாகிக்கும் இடையே விரிசல் விழுந்தது. ரஸ்கின் தொடங்கிய வேறொரு அமைப்பு பற்றி யாரோ விசாரித்தபோது, நடைமுறைக் காரியங்களை நடத்தும் திறமை அவருக்கு இல்லை என்ற கருத்தை ஆக்டேவியா சொல்லிவிட்டார். அது ரஸ்கின் காதுக்குப் போனது. அந்தத் திறமை தன்னிடம் இல்லாததால்தானே வீடுகளை அவர் கையில் கொடுத்தார்? ஆனாலும் மனிதருக்குப் பொறுக்கவில்லை. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை 1878-ல் தன் பத்திரிகையிலேயே வெளியிட்டுவிட்டார். ஆக்டேவியா உடலும் மனமும் தளர்ந்து, ஓய்வுக்காக வெளிநாடு போக வேண்டியதாயிற்று. பின்னர் ரஸ்கின் அந்த வீடுகளையும் விற்றுவிட்டார்.

ஆக்டேவியாவின் எல்லாக் கருத்தையும் இன்று ஏற்க முடியாது. நகராட்சி மானியத்தில் வீடு கட்டிக் கொடுப்பதையும் முதியோர் ஓய்வூதியத்தையும் அவர் எதிர்த்தார். இத்தனை பெண்களை வேலைக்குக் கொண்டுவந்தவர், நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றார்! வாடகைப் புத்தகத்தோடு வருபவர் குடியிருப்பவரின் ஒழுக்கத்தையும் கண்காணிப்பது எந்த அளவுக்கு நியாயம் என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது.

1912-ல் அவர் மறைந்தார். 1916-ல் வீட்டுச் சொத்துகளை நிர்வகிக்கும் பெண்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதன் வாரிசு அமைப்பு 1965-ல் ஆண்களும் இருந்த நிர்வாகிகள் சங்கத்தோடு இணைந்தது. பாரடைஸ் பிளேஸுக்கு இப்போது கார்பட் பிளேஸ் என்று பெயர். அங்கே ஒரு வீட்டுச் சுவரில் நீல நிற நினைவுப் பலகை இருக்கிறது. ஆக்டேவியா தன் பணியைத் தொடங்கிய இடம் என்று அது தெரிவிக்கிறது.