படக்குறியும் உடைமையும்: வன்னி வகுப்பறையை முன்வைத்து

பேச்சு வராத, அல்லது பேச்சு மட்டும் போதாத பிள்ளைகளுக்குப் படக்குறிகளைக் காட்டிக் கற்பிக்கும் முறை கணினியோடு விரைந்து பரவியுள்ளது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ விசேட கல்வி அலகொன்றில் பணிபுரியும் ஆசிரியர் எந்தப் படத்தொகுதியைத் தெரிவது என்பது வெறும் நுட்பவியல் வினாவாகவே கருதப்படுகின்றது. அது மொழியின் உடைமை பற்றிய வினா என்பதே எமது கருத்து. மடிக்கணினியை அன்பளிப்புச் செய்து புகைப்படம் எடுத்துக்கொள்வோர் பலர். அதில் எது இருத்தல் வேண்டும் என ஆசிரியரைக் கேட்போர் சிலரே.

படவழிக் கல்வியின் வரலாறு நீண்டது. கொமேனியஸின் படப் பாடநூல் 1658இல் வெளிவந்தது. 1925இல் வியன்னாவில் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவிய ஒட்டோ நொய்ராத், சமூகப் புள்ளிவிவரங்களைத் தொழிலாளர் படித்தறியும் படமொழியாக்கினார். 1934இல் அந்நகரத் தொழிலாளர் இயக்கம் ஆயுதபலத்தால் நசுக்கப்பட்டதும் அவர் ஹேக் நகருக்குப் பெயர நேர்ந்தது.

சார்ள்ஸ் பிளிஸின் கதை எமக்கு மேலும் நெருக்கமானது. பல இனத்தவர் வாழ்ந்த செர்னோவிற்சில் பிறந்து, நாசி வதைமுகாம்களில் அடைபட்டு, ஷாங்ஹாய் வழியாக அவுஸ்திரேலியா சேர்ந்தவர் அவர். மொழிப் பகையே மனிதரைப் பிரிக்கின்றது எனக் கருதி, எல்லா மொழிக்கும் பொதுவான குறியெழுத்தை 1949இல் வெளியிட்டார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1971இல் ரொறன்ரோவில் பெருமூளை வாதமுற்ற பிள்ளைகளுக்குக் கற்பித்த ஷேர்லி மக்நோட்டனும் சக ஆசிரியரும் அதனைக் கண்டெடுத்தனர். பிள்ளைகள் 'பேசத்' தொடங்கினர். ஆயின் ஆசிரியர்கள் குறிகளைத் தம் தேவைக்கேற்ப மாற்றினர். தாய்மொழிக்குச் செல்லும் பாலமாகக் கொண்டனர். பிளிஸ் அதனைத் தம் படைப்பின் சிதைவாகக் கண்டு வழக்குரைக்கவும் துணிந்தார். பிணக்கு 1982இல் உரிம உடன்படிக்கையில் முடிந்தது. பாதிக்கப்பட்ட மனிதனின் கனவும் உடைமையாகும்போது, அதனைப் பயன்படுத்துவோர்க்கு எதிராகத் திரும்புதல் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1981இல் ரொக்சானா மேயர் ஜோன்சன் வெளியிட்ட படத்தொகுதி பின்னர் கணினி மென்பொருளாகி, கைமாறிக் கைமாறி, இன்று டொபி டைனாவொக்ஸ் நிறுவனத்தின் சரக்காக உள்ளது. இதற்கு மாறாக, ஸ்பெயினின் அரகொன் மாநில அரசின் அரசாக் தொகுதியை, வணிக நோக்கின்றி, மூலத்தைச் சுட்டி, அதே உரிமத்தில் பகிர்வதாயின் எவரும் திருத்தலாம். நாம் பின்னதையே விரும்புகின்றோம். இலவசம் என்பதன்று முதற்காரணம்; திருத்தலாம் என்பதே.

திருத்தவேண்டியவை பல. காலையுணவுக்குப் பாலும் தானியப் பொரியும் வரையப்பட்டிருப்பின் அவ்விடத்தில் புட்டும் சம்பலும் வரவேண்டும். இலக்கணம் அதனினும் சிக்கலானது. ஆங்கிலத்தின் 'நான்' குறியோடு 'வேண்டும்', 'தண்ணீர்' என்பவற்றை அடுக்கும் பிள்ளைக்குக் கருவி 'நான் வேண்டும் தண்ணீர்' என ஒலிப்பின் அது எவருடைய மொழி? 'எனக்குத் தண்ணி வேணும்' என்பதற்கு 'எனக்கு' எனத் தனிக்குறி தேவை. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழையும் கொண்டுள்ளது. இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் பாணும் குளக்கட்டும் சென்னைப் பிள்ளையின் அன்றாடச் சொற்களல்ல.

வன்னிக்குரிய வேறொன்றும் உண்டு. 2009இல் போர் முடிந்து, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டு, 2012 செப்டெம்பரில் மனிக் பாம் மூடப்படும் வரை கட்டங்கட்டமாகத் திரும்பினர். அவர்களின் பிள்ளைகள் பலரும் அரிச்சுவடிக்கு முன்னரே படிக்க நேர்ந்த படக்குறி, வேலியோரத்துச் சிவப்புப் பலகையின் மண்டையோடு. எழுத்தறியாத பிள்ளையும் அதற்குக் கீழ்ப்படிந்தது. அக்குறி 'போகாதே' என்று மட்டுமே சொன்னது. பிள்ளை திருப்பிச் சொல்ல அதில் எதுவுமில்லை.

இன்று வகுப்பிலிருப்போர் போருக்குப் பின் பிறந்தோர். எனினும் அருகிலிருந்து படங்களைக் காட்டும் தாய்மார் பலர் அவ்வாறல்லர். 'போக்குவரத்து' வரிசையில் பேருந்துக்கு அடுத்துச் சிரிக்கும் விமானத்தைக் கண்டு ஒரு தாய் அட்டையைத் திருப்பி வைப்பின், ஆசிரியர் அவ்வரிசையை மாற்றக்கூடியவராக இருத்தல் வேண்டும். மண்டையோட்டை விலக்கவோ இயலாது. மிதிவெடி அகற்றலுக்கு இலங்கை ஏற்றுள்ள காலக்கெடு 2028. ஆசிரியர் அதனை அட்டையில் ஒட்டட்டும்; பக்கத்திலேயே 'ஏன்?' என்னும் குறியையும் ஒட்டட்டும்.