நாற்று இலை சுருளுதா? வைரஸா, வெயிலா... மருந்து அடிக்கும் முன் பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

நிழல்வலைக்குள்ளதான் இருக்கு, தண்ணியும் தவறாம ஊத்துறோம், ஆனாலும் மிளகாய் நாற்று இலை சுருண்டு நிக்குது. கோடையில் நாற்று போட்ட பலருக்கும் இந்தக் கவலை உண்டு. உடனே ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவோம். 'வைரஸ் மாதிரி தெரியுது' என்று சொல்லி ஒரு பாட்டிலும் கைக்கு வந்துவிடும்.

ஆனால் அந்தச் சுருளுக்கு வெறும் வெயில் கூட காரணமாக இருக்கலாம். வெயிலால் வந்த பாதிப்புக்கு பூச்சிமருந்து வேலை செய்யாது. உச்சி வெயிலில் அடித்தால் ஏற்கெனவே தவிக்கும் இலை இன்னும் கருகும். மருந்துக்குக் கொடுத்த காசும் போகும், நாற்றும் போகும்.

வெயில் பாதிப்பை எப்படி அடையாளம் காண்பது? விரிவாகப் பார்க்கலாம்.

புதுக்கோட்டையில் இது ஏன் முக்கியம்?

ஜூலை 17 வாக்கில் ஆடி பிறக்கிறது. ஆடிப்பட்டத்தில் நடவு செய்ய வேண்டிய மிளகாய் நாற்றுக்கு 35 முதல் 40 நாள் வயது வேண்டும். அப்படியானால் ஜூன் முதல் வாரத்திலேயே விதை குழித்தட்டில் விழுந்திருக்க வேண்டும். தக்காளி நாற்றுக்கு 25 நாள் போதும். அதற்கு ஜூன் மூன்றாவது வாரம்.

மே 4-ல் தொடங்கும் அக்னி நட்சத்திரம் 28-ம் தேதி வாக்கில் முடிந்துவிடும் என்றாலும், புதுக்கோட்டையில் வெயில் அதோடு விடுவதில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும்போது, இந்தப் பக்கம் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வறண்ட மேல்காற்றுதான். இங்கே பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆக, ஆடிக்கான நாற்று வளரும் மாதமே அனல் மாதம்.

20 நாள் வளர்த்த நாற்று கருகினால் திரும்ப விதைத்து அதே வயதுக்குக் கொண்டுவர இன்னும் 20 நாள் ஆகும். ஆடி பாதி போயிருக்கும். காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் இழப்பது பட்டத்தையே.

இன்னொரு விஷயம். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் ஏராளமாகச் சாய்ந்தன. மர நிழல் போன தோட்டத்தில் நாற்று போடுகிறவர்களுக்கு நிழல்வலையோ கீற்றுப் பந்தலோதான் கூரை.

டிவியில் 38 டிகிரி... நாற்றுக்கு எத்தனை டிகிரி?

செய்தியில் நாம் சொல்லும் வெப்பநிலை, வெயில் நேரடியாகப் படாத பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், காற்றோட்டத்தில் அளந்தது. உங்கள் நாற்று இருப்பது தரையை ஒட்டி. கீழே கறுப்பு பாலித்தீன் விரிப்பு, கறுப்பு குழித்தட்டு, மேலே தாழ்வாகக் கட்டிய வலை, காற்று போக வழியில்லை. வெளியே 38 என்றால் அங்கே அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். நாலு பக்கமும் மூடிய பாலித்தீன் குடில் என்றால் சொல்லவே வேண்டாம், வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் மாதிரிதான்.

மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகளுக்கு பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை சுகமான சூடு. 35-ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். நமக்கு வியர்ப்பது போல இலை தன் நுண்துளைகள் வழியாக நீராவியை வெளியே விட்டு தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்று ரொம்பச் சூடாகவும் வறண்டும் இருந்தால், வேர் கொடுக்கும் தண்ணீர் போதாது. உடனே செடி துளைகளை மூடிக்கொள்ளும். தண்ணீர் மிச்சமாகும், ஆனால் இலை சூடேறும். வெயில் படும் பரப்பைக் குறைக்க இலை கிண்ணம் போல மேல்நோக்கி மடங்கும். நாம் பார்க்கும் சுருள் இதுதான்.

பெரிய செடி ஆழமாக வேர் விட்டுத் தப்பிக்கும். குழித்தட்டு நாற்றுக்கு இருப்பதோ ஒரு குழியில் இரண்டு மூன்று ஸ்பூன் தென்னை நார்க்கழிவு. அதனால்தான் இளம்செடி முதலில் விழுகிறது.

கண்டுபிடிக்க 6 சோதனைகள்

1. மூன்று நேரம் பாருங்க. காலை 6 மணி, மதியம் 2 மணி, மாலை 6 மணி. மதியம் வாடி, மாலையில் நிமிர்ந்து, காலையில் தெம்பாக நின்றால் வெயில் பக்கம் சந்தேகப்படலாம். காலை 6 மணிக்கே தலை தொங்கி நின்றால் பிரச்னை வேரில் அல்லது தண்டில். இரவெல்லாம் குளிர்ந்தும் தேறவில்லை என்றால் வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது.

2. எந்த இடத்து நாற்று? குடிலின் மேற்கு ஓரம், பாலித்தீன் சுவரை ஒட்டிய வரிசை, வலை கிழிந்த இடத்துக்கு நேர் கீழே என்று வரிசையாகப் பாதித்திருந்தால் அது வெப்பம். நடுவில் ஒரு திட்டாக ஆரம்பித்து நாளுக்கு நாள் வட்டம் பெரிதானால் அது நோய். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பூச்சியையும் வைரஸையும் யோசிக்கலாம்.

3. எந்த இலை? வெயில் படும் மேல் இலையில் ஓரம் காய்ந்து பழுப்பாவது, வெளுத்த காகிதம் போல திட்டு விழுவது வெயில் அடையாளம். அடி இலை ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை இருக்கலாம். புது இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்து பக்கம் பாருங்க. பச்சையும் மஞ்சளும் கலந்த தேமல், சிறுத்து நெளிந்த புது இலை, வளராத செடி என்றால் வைரஸ் சந்தேகம் நியாயமானது.

4. வெள்ளைத்தாள் சோதனை. மிளகாயில் மேல்நோக்கிச் சுருள்வதற்கு வெயில் மட்டுமே காரணமல்ல, இலைப்பேனும் அதையே செய்யும். நாற்றின் கொழுந்தை ஒரு வெள்ளைத்தாளின் மேல் மெதுவாகத் தட்டுங்கள். சின்னச் சின்னக் கீற்று போல ஏதாவது ஊர்ந்தால் இலைப்பேன். இலை கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தியாக இருக்கலாம். அது வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, லென்ஸ் வைத்து இலையின் அடிப்பக்கம் பார்க்க வேண்டும்.

5. தட்டைத் தூக்குங்க, வேரைப் பாருங்க. தட்டு லேசாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. கனமாக, ஈரமாக இருந்தும் நாற்று வாடினால் அதிகச் சூடு அல்லது வேர் அழுகல். ஒரு நாற்றைக் குழியோடு உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து வந்தால் அழுகல்.

தண்டையும் பார்க்க வேண்டும். மண்மட்டத்தில் தண்டு தண்ணீர் கோர்த்த மாதிரி மென்மையாகி ஒடிந்தால் நாற்றழுகல் நோய். அதே இடத்தில் வெளுத்து, உலர்ந்து, ஒடுங்கியிருந்தால் கொதிக்கும் மேல்மண் சுட்ட காயமாக இருக்கலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்று ஈரம், மற்றது உலர்வு, அதுதான் வித்தியாசம்.

6. வெப்பமானி தொங்கவிடுங்க. சாதாரண வெப்பமானி போதும். நாற்றின் உயரத்தில், நேர் வெயில் படாமல் தொங்கவிட்டு மதியம் 1 மணி முதல் 3 மணி வரை குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கணக்கு கையில் இருந்தால் ஊகம் தேவைப்படாது. ஹோஸில் வரும் முதல் தண்ணீரையும் தொட்டுப் பாருங்கள். வெயிலில் கிடக்கும் கறுப்பு ஹோஸ், மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்க் இரண்டிலும் மதியத் தண்ணீர் கையைச் சுடும். அதை ஊற்றினால் வேர் வெந்துபோகும்.

வெயில்தான் என்று தெரிந்தால் என்ன செய்யலாம்?

முதலில் காற்றுக்கு வழி விடுங்கள். மூடிய குடிலின் பக்கத் திரைகளைச் சுருட்டி ஏற்றுங்கள். தட்டைத் தரையிலிருந்து தூக்கி, கம்பி மேடையிலோ செங்கல் மேலோ வையுங்கள். 50 சதவீத நிழல்வலை பொதுவாகப் போதும். வலையைத் தலையில் இடிக்கிற மாதிரி தாழ்வாகக் கட்டினால் அனல் உள்ளேயே நிற்கும். மேற்குப் பக்கம் ஒரு வலையோ கீற்றுத் தட்டியோ தொங்கவிட்டால் மாலை வெயில் அடங்கும்.

காலையில் நன்றாகத் தண்ணீர் கொடுங்கள். மதியம் தரையையும் நடைபாதையையும் நனைத்தால் குடில் குளிரும். இலை மேல் லேசாகத் தெளிக்கலாம். ஆனால் 4 மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சணம் வரும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. 'வாடியிருக்கே, உரம் கொடுப்போம்' என்று யூரியா கரைத்து ஊற்றாதீர்கள். வாடிய நாற்றுக்கு உப்புச்சுமை கூடும். மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால் அதிகாலை அல்லது வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். நிழல் நல்லது என்று வலை மேல் வலை போட்டால் நாற்று வெளிச்சம் தேடி நெட்டையாக, நோஞ்சானாகப் போகும்.

வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ் விதை போடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். விளக்குக்கு நேர் கீழே உள்ள கொழுந்து மட்டும் வெளுத்துச் சுருண்டால் விளக்கை உயர்த்திப் பாருங்கள்.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்து வரும் புது இலைதான் பதில் சொல்லும். நிழலும் காற்றும் சரிசெய்த ஒரு வாரத்தில் வரும் இலை தட்டையாக, இயல்பான அளவில் வந்தால் காரணம் வெயில்தான். புது இலையும் சுருண்டே வந்தால் பூச்சியையோ வைரஸையோ தேட வேண்டும்.

நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்குங்கள். நிழலில் வளர்ந்த நாற்றை நேராக வயல் வெயிலில் நட்டால் முதல் நாளே சுருளும். நடவை மாலையில் வைத்துக்கொள்வது நல்லது.

நாற்று விலைக்கு வாங்குறீங்களா?

மதியம் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா நாற்றும் அழகாகத்தான் நிற்கும். ஒன்றிரண்டை உருவி வேரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். திறந்த வண்டியில் உச்சி வெயிலில் ஏற்றிவந்தால் நல்ல நாற்றும் வழியிலேயே வாடிவிடும்.

யாரிடம் கேட்கலாம்?

சந்தேகம் தீரவில்லை என்றால் ஆலங்குடி அருகே வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், குடுமியான்மலை வேளாண் கல்லூரி, உங்கள் வட்டார தோட்டக்கலை அலுவலகம் ஆகியவற்றை அணுகலாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551 கட்டணமில்லா எண்; தமிழிலேயே பேசலாம். போகும்போது ஒரு வாடிய இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வேரோடு ஒரு நாற்று, நன்றாக இருக்கும் ஒரு நாற்று, மூன்று நாள் வெப்பநிலைக் குறிப்பு, காலையும் மதியமும் எடுத்த போட்டோ ஆகியவற்றைக் கொண்டுபோனால் பார்க்கிறவருக்கும் காரணத்தைச் சொல்வது சுலபம்.