பாஸ்வேர்டும் பிரிண்டரும்: ஒரு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரின் நினைவுகள்



மலர்க் குழு நண்பர் போன் செய்து, "நீ கம்ப்யூட்டர் ஆளாச்சே, ஏதாவது எழுதிக் கொடேன்" என்றார். "நான் என்னப்பா பெரிய கம்ப்யூட்டர் ஆள்? பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா எடுத்து விடறவன்" என்றேன். "சரி, அதையே எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

1992-ல் நம் கல்லூரியில் கணிதம் முடித்து வெளியே வந்தேன். ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்பு. பிறகு சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. சர்வரைப் பார்த்துக்கொள்வது, ஊழியர்களுக்கு அக்கவுண்ட் திறப்பது, பிரிண்டரை ஓட வைப்பது, இவைதான் என் பொறுப்பு. அந்த அலுவலகத்தில் சர்வர் இருந்த அறைக்கு மட்டும்தான் ஏ.சி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜையன்று சர்வருக்கும் சந்தனம், குங்குமம் உண்டு.

அதில் ஓடியது 1991-ல் வெளிவந்த நாவெல் நெட்வேர் 3.11. மேஜைக்கு மேஜை ஒரே கறுப்புக் கேபிள் போகும். இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டியிருக்க வேண்டும். பெருக்க வருகிற அம்மா மேஜையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு இணைப்பு கழன்றால் போதும், அந்தக் கேபிளில் இருக்கிற எல்லா மெஷினும் படுத்துவிடும். ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் தவழ்ந்து தேடுவேன்.

இந்த ஈதர்நெட்டுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் இந்த யோசனையை எழுதிவைத்தார. அங்கிருந்த ஆல்ட்டோ கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும்; கேரி ஸ்டார்க்வெதர் உருவாக்கியிருந்த லேசர் பிரிண்டரை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதாவது நெட்வொர்க் பிறந்ததற்கு பிரிண்டரும் ஒரு காரணம்! எங்களிடம் இருந்ததோ 132 காலம் டாட் மேட்ரிக்ஸ். அது அடிக்கிற சத்தத்தில் போன் பேச முடியாது. ஒருவர் நானூறு பக்க ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். பிகன்ஸோல் என்ற புரோகிராமில் நுழைந்து அந்த நானூறு பக்கத்தை நிறுத்திவைத்து, அவசரக்காரரை முன்னால் விடும் அதிகாரம் என் கையில். ரேஷன் கடைக்காரர் மாதிரி எனக்கு மரியாதை!

யூசர் அக்கவுண்டின் சரித்திரம் இன்னும் பழையது. 1961-ல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில், பலர் ஒரே கம்ப்யூட்டரை ஒரே சமயத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறை செயல்பட ஆரம்பித்தது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வழக்கத்துக்கு வந்தது அங்கேதான். அடுத்த வருடமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் நேரம் போதாமல், பாஸ்வேர்டு கோப்பை அச்சடிக்கச் சொல்லி ஒரு கார்டைப் போட்டார். பிரிண்டரும் ஒழுங்காக அடித்துக் கொடுத்துவிட்டது! 1966-ல் இன்னொரு வேடிக்கை. அன்றைய அறிவிப்பும் பாஸ்வேர்டு கோப்பும் இடம் மாறி, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் எல்லோருடைய பாஸ்வேர்டும் டெர்மினலில் வந்தது. ஒருவர் மட்டும் வேலை செய்வார் என்று நினைத்து அமைத்த இடத்தில், நிர்வாகிகள் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ததுதான் காரணம்.

இந்தக் கதை எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் நான் செய்த தவறைச் செய்திருக்க மாட்டேனோ என்னவோ.

எங்கள் கணக்குப் பிரிவில் நாலு பேர். நாற்பது நாளுக்கொரு தரம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி சர்வர் கேட்கும். மாற்றுவார்கள், மறந்துவிடுவார்கள், என்னைக் கூப்பிடுவார்கள். ஒருநாள் மூத்த மேடம், "தம்பி, நாலு பேருக்கும் ஒண்ணே போட்டுடேன். உனக்கும் தொல்லையில்ல, எங்களுக்கும் தொல்லையில்ல" என்றார். எனக்கும் அலுப்பு. நாலு பேருக்கும் 'அக்கவுண்ட்ஸ்' என்று ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சீட்டில் எழுதியே வைத்துவிட்டார்கள்.

1994-ல் ஒரு மாதக் கடைசி. சம்பளக் கோப்பைக் காணவில்லை. நெட்வேரில் ஸால்வேஜ் என்று ஒரு புரோகிராம் உண்டு. அழித்த கோப்பை மீட்டுத்தரும், அழித்தவர் பெயரையும் காட்டும். கோப்பு அரைமணியில் வந்துவிட்டது. மேனேஜர் பின்னால் நின்றுகொண்டு, "பேர் வருமில்ல, யாரு?" என்றார்.

"அக்கவுண்ட்ஸ்னு வருது சார்."

"அதுல யாரு?"

நான் பதில் சொல்லவில்லை. "அந்தப் புதுப் பையனாத்தான் இருக்கும்" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். வேலைக்கு வந்து இரண்டு மாதமே ஆகியிருந்த தற்காலிக ஊழியர் அவர். மாலையில் என்னிடம் வந்து, "சார், நான் அந்தக் கோப்புப் பக்கமே போகல சார்" என்றார். "அந்தப் பெயரை வைத்து யாரையும் சொல்ல முடியாது, தப்பு என்னுடையது" என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் புரொபேஷன் முடிய மூன்று மாதம் இருந்தது. சொல்லவில்லை.

அந்த மாதத்தோடு அவருடைய ஆர்டரை நீட்டிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, மனசு கேட்காமல் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "இப்ப சொல்லி என்னப்பா பிரயோஜனம்?" என்றார். என்னைத் திட்டவில்லை. அந்தத் தம்பியைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. அன்று மாலையே நாலு பேருக்கும் தனித்தனி அக்கவுண்ட் திறந்தேன். அழித்தது யாரென்று இன்றுவரை தெரியாது. அவராகவும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் 'நான் இல்லை' என்று நிரூபிக்க அவருக்கு ஒரு வழியும் இல்லாமல் செய்தவன் நான்.

அதன்பின் எத்தனையோ மாறிவிட்டது. 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி. மெல்ல மெல்ல நெட்வேரின் இடத்தைப் பிடித்தது. 2000-ல் ஆக்டிவ் டைரக்டரி வந்து, யூசர், பிரிண்டர் எல்லாமே ஒரே பட்டியலுக்குள் போயின. 2011-ல் நாவெல் நிறுவனமே கைமாறியது. கறுப்புக் கேபிள் போய் வைஃபை வந்தது. பேப்பர் சிக்குவது மட்டும் மாறவில்லை.

கம்ப்யூட்டர் துறைக்குப் போகப்போகிற தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கொரு அக்கவுண்ட் என்பது திருடனைப் பிடிக்க மட்டும் என்று நினைத்திருந்தேன். தப்புச் செய்யாதவன் தலைநிமிர்ந்து நிற்கவும் அதுதான் துணை. யாராவது வந்து, "எல்லாருக்கும் ஒண்ணே போட்டுடேன்" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே 'முடியாது' என்று சொல்லிவிடுங்கள்.

அந்தத் தம்பி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். மற்றவை நேரில், சந்திப்பு விழாவில்!