பிள்ளையார் கோயில் கற்கோடரிகள்: சேர்வராயன் மலையில் நம்பிக்கையும் ஐயமும்

ஏற்காட்டைச் சுற்றியுள்ள பழைய பிள்ளையார் கோயில்கள் சிலவற்றில் சிலையுடன் வேறு கற்களும் வழிபாட்டில் இருந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. வழவழப்பாகத் தேய்த்த உடல். ஒரு முனையில் கூர்மை. உழும்போதும் மழை மண்ணை அரித்தபோதும் கிடைத்த இவற்றை மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்லர், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தம் மரபுக் கதையில் சொல்லும் மலைமக்கள்) கோயிலில் சேர்த்தார்கள். அவை புதிய கற்காலத்துக் கோடரிகள்.

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இரும்புக் கோடரியால் மரம் வெட்டியவர்களுக்கு, கல்லில் கோடரி செய்த காலம் ஒன்று இருந்ததென்று சொல்ல யாருமில்லை. இயற்கையாக உருண்ட கல் இப்படி இராது; அவர்கள் அறிந்த மனிதர் எவரும் இதைச் செய்வதில்லை. எஞ்சியது தெய்வம். படித்த ஐரோப்பாவும் நெடுங்காலம் இதே இடத்தில்தான் நின்றது: அங்கே இவை இடியோடு வானிலிருந்து விழுந்த கற்கள். வத்திக்கானில் பணியாற்றிய மிக்கேலே மெர்காத்தி 16ஆம் நூற்றாண்டிலேயே இவை மனிதர் செய்த கருவிகள் என்று எழுதினார். அந்நூல் அச்சேறியது 1717இல். 1723இல் அந்துவான் தெ ஜுசியே, அமெரிக்கப் பழங்குடியினர் அப்போதும் பயன்படுத்திவந்த கற்கருவிகளோடு அவற்றை ஒப்பிட்டார். ஐயம் வலுப்பெற்றது கேலியால் அன்று, ஒப்பீட்டால்.

இந்தியாவில் அந்த ஒப்பீடு 1860களில் சூடுபிடித்தது. டோன்ஸ் ஆற்றுப் பகுதியில் ரயில்வேப் பொறியாளர் லெ மெசூரியே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். வட இந்திய ஊர்களில் அத்தகைய கற்கள் அரசமரத்தடியில் மகாதேவராக வணங்கப்பட்டன. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்தார். சேர்வராயன் மலைக்கு அந்தப் பார்வையைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

ஃபூட்டை நாத்திகராகக் கற்பனை செய்துகொள்வது எளிது, பொருந்தாது. அவருடைய முதல் மனைவி, பாதிரியார் பீட்டர் பெர்சிவலின் மகள். ஆம், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்; அவர் 1882இல் இறந்ததும் ஏற்காட்டில்தான். ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்த ஃபூட் 1912இல் கல்கத்தாவில் மறைந்தார். அவரது சாம்பல் ஏற்காட்டுத் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லைப் பற்றிய ஐயமும் கடவுள் நம்பிக்கையும் அவரிடம் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளவில்லை.

நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அவர் திரட்டிய தொல்பொருள்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவற்றின் வயதையும் பரவலையும் விளக்கும் நூல் அவர் இறந்தபின் 1916இல் வெளிவந்தது. சேர்வராயன் கோடரிகள் அதில் முறையாக இடம்பெற்றன.

இந்த வரலாற்றை நம்பிக்கை தோற்று அறிவியல் வென்ற கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காப்பித் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகள் திருத்தப்பட்ட காலத்தில், கோயிலில் வைக்கப்பட்டதால்தான் பல கற்கள் தப்பின. ஆனால் அதே பக்திதான் அவற்றைக் கிடந்த இடத்திலிருந்தும் பிரித்தது. எந்தச் சரிவு, எந்த மண்ணடுக்கு, அருகில் பானை ஓடு உண்டா, அடுப்புச் சாம்பல் உண்டா? கோயிலிலிருந்த கல் இவற்றுக்கு விடை தராது. சேகரிப்பாளர்கள் அதை இரண்டாம் முறையாக இடம் மாற்றினார்கள்.

விடுபட்ட செய்தி வேறோரிடத்திலிருந்து வந்தது. 1964-65இலும் 1967-68இலும் திருப்பத்தூர் வட்டாரத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, இவ்வகைக் கோடரிகள் குழிவீடுகளோடும் சாம்பல்நிறப் பானைகளோடும் கருகிய கொள்ளு, பச்சைப்பயறோடும் சேர்ந்து வெளிப்பட்டன. காடு திருத்திப் பயறு விளைத்த மக்களின் அன்றாடக் கருவி என்பது அங்கே மண்ணடுக்கின் சான்றோடு உறுதியானது. ஏற்காட்டுக் கோயில் கற்களின் காலத்தையும் பயனையும் இன்று நாம் சொல்வது, பையம்பள்ளி போன்ற அகழிடங்களோடு ஒப்பிட்டுத்தான்.